நிலம், ராயல்டி, காடு: எதைக் கேட்டு வாங்குவது?

தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலத்திலிருந்து ஒரு சமூகத்தை வெளியேற்றிவிட்டார்கள். அந்த நிலத்தில் இப்போது ஒரு பக்கம் தேசியப் பூங்கா, இன்னொரு பக்கம் சுரங்கம். சமூகம் நிலத்தைத் திருப்பிக் கேட்கிறது. இத்தனை காலம் அந்த மண்ணிலிருந்து எடுத்த வைரத்துக்கோ மரத்துக்கோ ராயல்டியும், அதாவது எடுத்ததன் மதிப்பில் ஒரு பங்கும், கேட்கிறது. அரசு இரண்டையும் மறுக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, இரண்டு தரப்பும் களைத்துப்போன பிறகு யாராவது ஒருவர் இந்த யோசனையை முன்வைப்பார்: வழக்கை விட்டுவிடுவோம், சேர்ந்து காட்டுயிர்களைக் காப்போம், வரும் வருமானத்தைப் பிரித்துக்கொள்வோம்.

உலகத்தில் பல இடங்களில் இந்த யோசனை நடைமுறைக்கு வந்திருக்கிறது. சில இடங்களில் அது இழந்தவர்களுக்கு உண்மையிலேயே நியாயம் செய்தது. சில இடங்களில் அதே நிலத்தை இன்னும் நாகரிகமான முறையில் மறுபடி பறிக்கப் பார்த்தது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் இப்படி ஒரு முடிவின் முன் நிற்கும் சமூகம் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்ல முடியும்.

பேச்சுவார்த்தையில் பொதுவாக நான்கு வழிகள் வரும். ரொக்க இழப்பீடு வாங்கிக்கொண்டு ஒதுங்குவது. சுரங்க வருமானத்தில் பங்கு வாங்குவது. நிபந்தனையே இல்லாமல் நிலத்தைத் திருப்பி வாங்குவது. நிலத்தைத் தன் பெயரில் எழுதி வாங்கி, அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகவே வைத்து, நிர்வாகத்திலும் வருமானத்திலும் பங்கெடுப்பது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவது வழிதான் பெரும்பாலும் சிறந்தது. ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்விக்குக் காகிதத்தில் இடம் கொடுத்த பிறகுதான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கேள்வியை மூடி மறைப்பதற்காக யானையையும் சிங்கத்தையும் நடுவில் கொண்டுவந்தால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

ரொக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சீக்கிரம் முடியும், அதுதான் அதன் பலம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் நிலவுரிமை கோரிய பல சமூகங்கள் இருந்தன. அவர்களுக்கு நிலத்தைத் திருப்பித் தருவதில்லை, வேறு வகையில் ஈடு செய்யலாம் என்று அந்நாட்டு அமைச்சரவை 2008-ல் முடிவெடுத்தது. அப்படி வரும் பணம் குடும்பவாரியாகப் பிரிந்து சில வருடங்களில் கரைந்துவிடும். நிலமும் இல்லை, அந்தக் காட்டைப் பற்றி எடுக்கப்படும் எந்த முடிவிலும் இடமும் இல்லை. மக்கள் பல ஊர்களுக்குச் சிதறிப்போய், திரும்பி வரும் எண்ணமே யாருக்கும் இல்லை என்றால், முதியவர்கள் கண்மூடுவதற்குள் ஏதாவது கைக்கு வரட்டும் என்ற நிலை இருந்தால், ரொக்கம் வாங்குவதில் தவறில்லை. மற்றபடி அதைக் கடைசியில் வைக்க வேண்டும்.

ராயல்டிதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். பேச்சுவார்த்தையில் மிகப் பெரிய எண்கள் அங்கேதான் வரும்.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் ஆரஞ்சு ஆற்றுக்குத் தெற்கே ரிக்டர்ஸ்வெல்ட் என்ற வறண்ட பகுதி இருக்கிறது. ஆடு மேய்க்கும் நாமா மக்களின் மண். 1920-களில் அங்கே வைரம் கிடைத்தது. அரசு அவர்களைக் கரையோர நிலத்திலிருந்து விலக்கிவிட்டுத் தானே வைரம் எடுத்தது. பின்னாளில் அந்தச் சுரங்கம் அலெக்ஸ்கோர் என்ற அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது. சமூகம் வழக்குப் போட்டது. 2003-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு உலக அளவில் பேசப்பட்டது: நாமா மக்களுக்கு அவர்களுடைய மரபுச் சட்டப்படி நிலம் மட்டுமல்ல, நிலத்தடிக் கனிமமும் சொந்தமாக இருந்தது. தீர்ப்புக்குப் பிறகும் பேச்சு நீண்டது. 2007-ல் உடன்பாடு வந்தது. நிலம் திரும்பியது. வைரம் எடுக்கும் கூட்டு முயற்சியில் அலெக்ஸ்கோருக்கு 51 சதவீதம், சமூகத்தின் நிறுவனத்துக்கு 49 சதவீதம். 19 கோடி ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) ஈட்டுத்தொகை, 5 கோடி ராண்ட் வளர்ச்சி நிதி.

காகிதத்தில் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. ஆனால் வைரம் தீர்ந்துகொண்டே போகும் பொருள். கரையில் எடுக்கக் கூடியதில் பெரும்பகுதி எடுத்து முடிந்த பிறகுதான் உரிமையாளர்களுக்குப் பங்கு வந்தது. தோண்டிப் போட்ட கரையைச் சீராக்கும் சுமை மிச்சம். பணத்தை யார் நிர்வகிப்பது என்பதில் சமூகத்துக்குள்ளேயே பெரிய பிளவு உண்டானது. கனிமப் பங்கில் இது அடிக்கடி நடக்கிறது. பெரிய தொகை ஒரு சிறிய குழுவின் கையெழுத்துக்குக் கீழே வந்து சேர்கிறது, கணக்கு ஊருக்குத் தெரிவதில்லை, அப்புறம் நீதிமன்றத்தில் எதிரியாக நிற்பது சொந்தக்காரர்கள்.

ராயல்டியில் இன்னொரு சிக்கல், அது பணத்தைத் தந்தாலும் மறுக்கும் உரிமையைத் தருவதில்லை. ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் ககாடு தேசியப் பூங்காவால் சூழப்பட்ட ரேஞ்சர் யுரேனியச் சுரங்கத்தைப் பாருங்கள். 1976-ல் வந்த பழங்குடி நிலவுரிமைச் சட்டம், தங்கள் நிலத்தில் சுரங்கம் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை மரபு உரிமையாளர்களுக்குக் கொடுத்தது. ஆனால் ரேஞ்சருக்கு மட்டும் விதிவிலக்கு என்று அதே சட்டத்தில் எழுதினார்கள். அந்த நிலத்தின் மரபு உரிமையாளர்களான மிரார் மக்களுக்கு ராயல்டிக்கு ஈடான தொகை வந்தது. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு மட்டும் வரவில்லை. அங்கே யுரேனிய உற்பத்தி 2021 ஜனவரியில்தான் நின்றது. பக்கத்திலேயே ஜபிலுகா என்ற இன்னொரு யுரேனியப் படிவைத் தோண்ட வந்தபோது, 1998-ல் மிரார் மக்கள் ஆயிரக்கணக்கான ஆதரவாளர்களுடன் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். தங்கள் சம்மதம் இல்லாமல் அங்கே தோண்டக் கூடாது என்ற ஒப்பந்தத்தை 2005-ல் வாங்கினார்கள். 2024-ல் அந்தக் குத்தகையைப் புதுப்பிக்க அரசு மறுத்தது.

அதே ககாடுவை ஒட்டி கூங்காரா என்று ஒரு சிறிய துண்டு நிலம். அதிலும் யுரேனியம். அதன் மரபு உரிமையாளரான ஜெஃப்ரி லீ, ஜோக் குலத்தின் மூத்தவர், சம்மதித்திருந்தால் பெரும் செல்வந்தர் ஆகியிருப்பார். அவர் பணத்தை மறுத்தார். நிலத்தைப் பூங்காவோடு சேர்க்கச் சொல்லி வருடக்கணக்கில் அலைந்தார். 2011-ல் அது உலக மரபுச் சின்னப் பகுதிக்குள் வந்தது, 2013-ல் ககாடுவோடு சட்டப்படி இணைந்தது. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் இல்லாத ஊரைப் பார்த்து, ராயல்டியை மறுத்துவிடுங்கள் என்று வெளியிலிருந்து அறிவுரை சொல்வது கொடுமை. ஆனால் அவர் மறுக்கக் கூடிய இடத்தில் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். நிலவுரிமை அவர் கையில் இருந்தது. காட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே அதனால்தான் அவருக்குக் கிடைத்தது.

நிபந்தனையற்ற நிலம் என்ற மூன்றாவது வழி நியாயத்தில் முதலிடம் பெற வேண்டியது. நடைமுறையில் தேசியப் பூங்காவுக்குள் எந்த அரசும் அப்படித் தருவது அபூர்வம். கிடைத்தாலும் வேலி, ரோந்து, தீத்தடுப்பு, சாலை எல்லாச் செலவும் முதல் நாளிலிருந்தே சமூகத்தின் தலையில் விழும். அதற்கான நிதியையும் சேர்த்து வாங்காவிட்டால், கொஞ்ச நாளிலேயே நிலத்தை யாருக்காவது மலிவாகக் குத்தகைக்கு விட வேண்டிவரும்.

இனி நான்காவது வழி.

லிம்போபோ ஆறும் லுவுவு ஆறும் கூடும் இடத்தில், தென்னாப்பிரிக்காவும் ஜிம்பாப்வேயும் மொசாம்பிக்கும் சந்திக்கும் மூலையில் பஃபுரி முக்கோணம் இருக்கிறது. சுமார் 24,000 ஹெக்டேர். மஞ்சள் கலந்த பச்சைப் பட்டையோடு நிற்கும் காய்ச்சல் மரக் காடுகளும் ஆற்றோரச் சதுப்பும் சேர்ந்த மண் அது. மகுலேகே மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். 1969-ல் நிறவெறி அரசு சுமார் 3,000 பேரைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றியது. வீடுகளுக்கு அவர்களையே தீ வைக்கச் சொன்னது. நிலத்தை க்ரூகர் பூங்காவோடு சேர்த்துக்கொண்டது. ஆக, காட்டுயிர்ப் பாதுகாப்பின் பெயரில்தான் அவர்கள் வீடிழந்தார்கள். அந்த மக்களிடம் போய், சேர்ந்து காப்போம் வாருங்கள் என்று கூப்பிட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1995-ல் அவர்கள் நிலத்துக்கு உரிமை கோரினார்கள். 1998-ல் உடன்பாடு ஆனது. அதன் அமைப்பை உற்றுப் பார்ப்பது நல்லது, பிற்பாடு வந்த பல ஒப்பந்தங்களுக்கு இதுவே மாதிரி. நிலத்தின் முழு உரிமை மகுலேகே சமூகச் சொத்துச் சங்கத்தின் பெயருக்கு மாறியது. பதிலுக்கு அவர்கள் அங்கே குடியேறவோ விவசாயம் செய்யவோ சுரங்கம் தோண்டவோ மாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 50 வருடத்துக்கு அது ஒப்பந்தப் பூங்கா. அன்றாடக் காட்டுயிர்ப் பணி தேசியப் பூங்கா நிறுவனத்துடையது. கொள்கை முடிவுகளை எடுக்க இரண்டு தரப்பும் உட்காரும் கூட்டு வாரியம். முக்கியமானது அடுத்தது: சுற்றுலா வழியாகச் சம்பாதிக்கும் உரிமை முழுவதும் சமூகத்துக்கு. யாருக்கு விடுதி கட்ட இடம் கொடுப்பது, எவ்வளவு வாடகை, உள்ளூர்க்காரர்களுக்கு எத்தனை வேலை என்பதை அவர்களே பேசி முடிவு செய்தார்கள். தொடக்க ஆண்டுகளில் குறைந்த அளவு வேட்டை அனுமதியும் விற்றார்கள். இயற்கைச் சுற்றுலா விடுதிகள் வந்ததும் அதை நிறுத்திக்கொண்டார்கள். 2007-ல் அங்குள்ள ஈரநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இதில் குறை இல்லையா? இருக்கிறது. 2013 ஜனவரியில் லுவுவு பெருகி ஆற்றங்கரை முகாமைச் சிதைத்தது, அதை நடத்தியவர்கள் வெளியேறினார்கள். கொரோனா வந்தபோது உலகம் முழுக்கச் சுற்றுலா நின்றது, வாடகையும் நின்றது. விடுதியில் வேலை கிடைப்பது கொஞ்சம் பேருக்குத்தான். பூங்காவிலிருந்து வெளியே வரும் யானை வயலை மிதித்தால் யார் ஈடு தருவது என்ற சண்டை க்ரூகரைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களிலும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் இந்த வழியை நான் மேலே வைப்பதற்குக் காரணம், வருமானம் நின்ற வருடங்களிலும் நிலம் அவர்கள் பெயரிலேயே இருந்தது. ஒரு நிறுவனம் போனால் இன்னொன்றைக் கூப்பிடலாம். வைரச் சுரங்கத்தில் வைரம் தீர்ந்தால் கூப்பிட என்ன இருக்கிறது?

சரி, அரசு நிலவுரிமையை எழுதித் தரவே மறுத்தால்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹைடா மக்களின் தீவுக்கூட்டம். அங்கே பழைய தேவதாரு மரங்களை வெட்டும் உரிமத்தை மாகாண அரசு கொடுத்துக்கொண்டே இருந்தது, வெட்டிய மரத்துக்கான கட்டணம் அரசுக்குப் போனது. 1985-ல் லயல் தீவின் மரம் வெட்டும் சாலையில் ஹைடா மக்கள் குறுக்கே நின்றார்கள். முதியவர்கள் உட்பட 72 பேர் கைதானார்கள். 1987-ல் வெட்டு நிறுத்தப்பட்டது. 1993-ல் அந்தப் பகுதியைச் சேர்ந்து காப்பதற்கான குவாய் ஹானாஸ் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தில் நிலம் யாருடையது என்ற பகுதி இரண்டு பத்திகளாக அருகருகே அச்சாகியிருக்கிறது. ஒன்றில், இந்த நிலம் தங்களுடையது என்று ஹைடா தேசம் சொல்கிறது. மற்றதில், இது அரசின் நிலம் என்று கனடா சொல்கிறது. இதில் நாங்கள் உடன்படவில்லை, ஆனாலும் இதைக் காப்பதில் உடன்படுகிறோம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வாரியத்தில் சம எண்ணிக்கை. ஒருமித்த கருத்தில்தான் முடிவு. யாரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதால் ஹைடா மக்கள் நிலவுரிமைக்கான போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். 2024-ல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அவர்களுடைய உரிமையைச் சட்டப்படி ஏற்றது. பூங்கா ஒப்பந்தம் அதற்குத் தடையாக நிற்கவில்லை.

ஒப்பந்தத்தின் 20-ஆம் ஆண்டு நினைவாக 2013-ல் லயல் தீவில் ஒரு மரபுத் தூண் நட்டார்கள். 13 மீட்டர் உயரம். கழுகு, கரடி உருவங்களுக்கு நடுவே கைகோத்து நிற்கும் ஐந்து மனிதர்கள், காலில் ரப்பர் பூட்ஸ். 1985-ல் அந்தச் சாலையில் நின்றவர்களின் நினைவு. கையெழுத்தான காகிதத்தை விட அந்த மறியலைத்தான் அவர்கள் தூணில் செதுக்கினார்கள் என்பதில் ஒரு பாடம் இருப்பதாக நினைக்கிறேன்: எதிர்த்து நிற்கும் பலம் இருந்ததால்தான் சமமான வாரியம் கிடைத்தது.

பலம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நடுவில் நிற்கும் உலுரு பாறை சாட்சி. 1985-ல் நிலத்தை அதன் மரபு உரிமையாளர்களான அனங்கு மக்களுக்குத் திருப்பிக் கொடுத்த அதே விழாவில் 99 வருடக் குத்தகைக்கு அரசு திரும்ப வாங்கிக்கொண்டது. அந்தப் புனிதப் பாறையில் சுற்றுலாப் பயணிகள் ஏறக் கூடாது என்று உரிமையாளர்கள் கேட்டது அன்றைக்கு ஒப்பந்தத்தில் ஏறவில்லை. ஏறுவது முழுமையாக நின்றது 2019 அக்டோபரில். பத்திரம் பெயரில் இருந்தும் 34 வருடம்.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் கூட்டுப் பாதுகாப்பு என்ற இனிமையான பேச்சு சரிகிற இடம் இதுதான். மேலே சொன்ன ரிக்டர்ஸ்வெல்ட் மக்களின் இன்னொரு பகுதி நிலத்தில் 1991-ல் தேசியப் பூங்கா வந்தது, 1,62,445 ஹெக்டேர். அவர்களைக் கலக்காமலேயே ஒப்பந்தம் போட முயன்றபோது 1989-ல் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். அதன் பலனாக ஆடு மேய்க்கும் உரிமை காப்பாற்றப்பட்டது, 99 வருடம் என்று வந்த குத்தகை 30 ஆகச் சுருங்கியது. நல்ல பேரம். ஆனால் வாடகை? ஹெக்டேருக்கு வருடம் 50 சென்ட். மொத்தமே ஏறக்குறைய 81,000 ராண்ட். 2007-ல் வைரத்துக்காக வந்த 19 கோடியோடு ஒப்பிட்டால், காட்டைக் காப்பதற்குக் கிடைத்தது பெயருக்கு ஒரு தொகை. நிலப் பரப்பை வைத்து வாடகை பேசியதன் விளைவு இது. பூங்கா நிலத்தின் மதிப்பு ஹெக்டேரில் இல்லை. நுழைவுக் கட்டணம், விடுதி வருவாய், படப்பிடிப்பு உரிமம், பூங்காவின் பெயரை வைத்து நடக்கும் வியாபாரம் இவற்றில் இருக்கிறது. உலுருவில் நுழைவுக் கட்டணத்தில் 25 சதவீதம் அனங்கு மக்களுக்கு என்று எழுதியிருப்பது இந்த வகையில் மேலானது.

ஆகவே கூட்டுப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கும் சமூகம் பேச்சில் விடாப்பிடியாக இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. விடுதி நடத்துபவரின் மொத்த விற்பனையில் பங்கு கேட்க வேண்டும். லாபத்தில் பங்கு என்றால் கணக்கில் லாபம் காணாமல் போவது ரொம்பச் சுலபம். அதோடு வெள்ளமோ நோயோ வந்த வருடத்திலும் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை ஒன்றும் எழுதப்பட வேண்டும். இதுவரை எடுத்த கனிமத்துக்கான பழைய ராயல்டி பாக்கியை இதோடு கலக்க விடக் கூடாது. அது நேற்றைய கடன், பூங்கா வருமானம் நாளைய வருமானம். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் பழைய கடனை நம் சொந்தக் காட்டு வருமானத்திலிருந்தே நமக்குத் திருப்பித் தருவார்கள். மேய்ச்சல், மூலிகை, முன்னோர் சமாதிக்குப் போகும் பாதை எல்லாம் சலுகை என்று எழுதப்படாமல் உரிமை என்று எழுதப்பட வேண்டும். பயிரையும் ஆட்டையும் காட்டு விலங்கு அழித்தால் எத்தனை நாளில் யார் பணம் தருவது என்பதும் அதே பத்திரத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால், காட்டைக் காப்பதன் முழு விலையையும் விளிம்பில் இருக்கும் ஏழைக் குடும்பம்தான் கட்டுகிறது.

சமூகத்துக்குள் கணக்கு எப்படி நடக்கும் என்பதையும் பணம் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். வருடா வருடம் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பது, சங்கத்துக்கும் மரபுத் தலைவருக்கும் என்னென்ன அதிகாரம் என்று பிரித்து எழுதுவது, பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் குழுவில் இடம். அரசோடு போட்ட ஒப்பந்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தள்ளிப்போட்டால் ரிக்டர்ஸ்வெல்டில் வந்த பிளவு வரும்.

எந்த நிலையில் எதை எடுப்பது? நிலத்தில் இன்னும் காடும் விலங்கும் நன்றாக இருந்து, மக்கள் ஒன்றுபட்டு இருந்து, நிலவுரிமை பெயருக்கு வருமானால் மகுலேகே வழி. உரிமையை அரசு ஒப்புக்கொள்ளாது, ஆனால் அழிவு உடனே நிற்க வேண்டும் என்றால் ஹைடா வழி, சமமான வாரியமும் இரண்டு பத்திகளும் கிடைத்தால் மட்டும். சுரங்கம் ஏற்கெனவே தோண்டி முடித்து, காடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத நிலத்தில் ராயல்டி பாக்கியையும் மண்ணைச் சீராக்கும் செலவையும் கேட்பதுதான் நேர்மை. அங்கே காட்டுயிர்ப் பூங்கா என்ற பேச்சு செலவைத் தட்டிக்கழிக்கும் வழி.

மகுலேகே வழி, ஹைடா வழி இரண்டையும் தராமல், கூட்டு நிர்வாகம் என்று சொல்லி ஆலோசனைக் குழுவில் இரண்டு நாற்காலி மட்டும் தருகிறார்கள் என்றால் கையெழுத்துப் போடாமல் வழக்கைத் தொடரலாம். ரிக்டர்ஸ்வெல்ட் மக்கள் 2001-ல் நிலவுரிமை நீதிமன்றத்தில் தோற்றார்கள். அன்றைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போயிருந்தால், இரண்டே வருடத்தில் கனிமமும் அவர்களுடையது என்ற தீர்ப்பு வந்திருக்காது.